கொப்பரைத் தராசும் ஐந்தாம் வகுப்பும்

மணலில் விரல் வைத்து முதல் எழுத்தைப் பழகியவர்கள், சிலேட்டை அழிக்க வரப்போரத்துத் தண்டுச் செடியை ஒடித்து வைத்துக்கொண்டவர்கள், மழை பெய்தால் பள்ளிக்கூடக் கூரை ஒழுகும் இடத்தைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். உங்களிடம் பயத்தைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றுகிறது. இளையவர்களிடம் பேசினால் அவர்கள் சிரித்துவிடுவார்கள்.

பள்ளியும் ஊரும் கைகோத்தால் பிள்ளைகள் படிப்பை இடையில் விடமாட்டார்கள் என்று இப்போது கூட்டங்களில் சொல்கிறார்கள். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். சொன்னதைத் திரும்பப் பெறும் எண்ணமும் எனக்கில்லை. ஆயினும் அவ்வாறு பேசி முடித்து இறங்கும் ஒவ்வொரு முறையும், ஒரு பனைப் பருவத்தில் எங்கள் ஊர் எங்களுக்காகக் கைகோத்தபோது நான் எப்படி நடுங்கினேன் என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நம் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஆண்டுகள் அவை. குளச்சலுக்கு வடக்கே, விளை என்று நாங்கள் சொல்லும் பனந்தோப்புகளுக்கு நடுவில், எங்கள் சர்க்கார் பள்ளிக்கூடம் இருந்தது. ஓலைக் கூரை, சாணம் மெழுகிய தரை, நான்கு வகுப்புகள். நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். தம்பி ஒன்றாம் வகுப்பில். நான்காம் வகுப்பு முடிந்தால் மேலே படிக்க ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்குப் போக வேண்டும். எங்கள் விளைப்பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்திகூட அந்த ஆற்றைப் புத்தகத்தோடு கடந்ததில்லை. ஆகவே எங்கள் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பைத் தொடங்க வேண்டும் என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அவரை நாங்கள் பெரிய சார் என்போம். ஆண்டு முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் வருவார், நான்காம் வகுப்பில் உண்மையாகவே பிள்ளைகள் இருக்கிறார்களா, மேலே படிக்க நிற்பார்களா என்று நேரில் பார்ப்பார், பார்த்த பிறகே முடிவு சொல்வார் என்று பதில் வந்திருந்தது. எனக்கு அந்த ஐந்தாம் வகுப்பு வேண்டும். ஏன் வேண்டும் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அக்கரைக்குப் போகாமலே அக்கரையில் உள்ளது கிடைக்கும் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

சிக்கல், பனைப் பருவம்தான். தை பிறந்தால் அப்பா பனையேறத் தொடங்குவார். பதநீரை எங்கள் பக்கத்தில் அக்கானி என்போம். அம்மா அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். அடுப்பு அணையக் கூடாது. அதற்குச் சருகும் காய்ந்த ஓலையும் ஓயாமல் வேண்டும். பொறுக்கிக் கொண்டுவர வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும். ஆகவே தை மாதத்தில் எங்கள் வகுப்பு, நுனி கருகிய ஓலை போலச் சுருங்கிப்போகும்.

அந்த ஆண்டு பெரிய சார் சும்மா இருக்கவில்லை. வயல்காரர் வீடுகளில் ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கச் சொல்லி, பள்ளியில் நண்பகல் கஞ்சிக்கு வழி செய்தார். கடற்கரைக்காரர்கள் சுறா மீன் எண்ணெயைத் தகரங்களில் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். சந்தைப் பக்கத்துக் கொப்பரை முதலாளி அடுப்பெரிக்கச் சிரட்டையும் வண்டியும் தந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் ஒருவர் வந்து உதவுவதாகச் சொன்னார். சாதியும் கோயிலும் பள்ளிவாசலும் பார்க்காமல் அவ்வளவு பேரும் முதலாளியின் களத்தில் கூடி உட்கார்ந்து பேசினார்களாம். பிற்காலத்தில் இதைக் கேள்விப்பட்டபோது நான் பெருமைப்பட்டேன். அந்தக் கூட்டத்தில் ஒரு தாய்கூட இல்லை என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது.

எண்ணெய் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாது. மிகவும் மெலிந்தவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்றார் கம்பவுண்டர். மெலிந்தவர் யார் என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, எடை பார்க்க வேண்டும் என்றார். என் களத்துத் தராசைக் கொண்டுவருகிறேன் என்றார் முதலாளி. இவ்வளவையும் பேசி முடித்தவர்கள், எங்களிடம் சொன்னது ஒரே ஒரு செய்திதான். மணி அடிக்கும் நேரத்தில் பெரிய சார் வாசலில் நின்றுகொண்டு, "நாளைக்கு எல்லாரும் குளிச்சிட்டு வரணும். ஒரு காரியம் உண்டு" என்றார்.

அந்தச் சொற்கள் விழுந்த காலம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். மலைப்பக்கத்தில் எங்கோ அணை கட்டுகிறார்கள் என்ற பேச்சு அப்போது சந்தை முழுக்க இருந்தது. சந்தைக்குப் போய்வருகிறவர்கள் அதோடு சேர்த்து இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். விளைக்கு விளை தாண்டும்போது அது வளர்ந்தது. என் கூட்டுக்காரி, அதாவது அடுத்த விளையில் இருந்த என் வகுப்புத் தோழி, அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அதை எனக்குச் சொன்னாள்.

"ஏட்டி, அணையில வெள்ளம் நிக்கலயாம். கெட்டுத கெட்டுத பிளந்துக்கிடுதாம்."

"அதுக்கு?"

"பிள்ளைய வச்சிக் கெட்டுனாத்தான் நிக்குமாம். ஆளு வந்து பாத்துப் பாத்து எடுத்துட்டுப் போறாவளாம்."

"போட்டி, பொய்யி."

"பொய்யின்னா, நாளைக்கு எதுக்குக் குளிச்சிட்டு வரச் சொல்லுதாவ? கொடைக்கு ஆட்டக் குளுப்பாட்ட மாட்டாவளா?"

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் பலியாட்டைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் சிவப்பும் வைத்துக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றியபோது, ஆட்டின் காதிலிருந்து சொட்டிய தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

காலையில் முதலாளியின் வண்டி வந்தது. சாக்கால் மூடிய ஏதோ ஒன்றை நான்கு பேர் இறக்கினார்கள். மூன்று கால் நாட்டி, நடுவில் பெரிய இரும்புக்கோலைத் தொங்கவிட்டார்கள். சங்கிலிகளில் இரண்டு அகலத் தட்டுகள். கொப்பரையின் காறிய இனிப்பு வாடை பள்ளி முழுவதும் பரவியது. முதலாளி ஒரு தட்டில் புதுச் சாக்கை மடித்து விரித்தார். களத்துத் தராசுக்காரர் எடைக்கற்களை அடுக்கினார். அவருடைய இடக்கையில் காவிக்கட்டி ஒன்று இருந்தது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கினார்கள். முதல் பிள்ளையைத் தூக்கித் தட்டில் வைத்ததும் தராசுக்காரர், "லாபம்!" என்று உரக்கக் கூவினார். முதலாவதை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது அளப்பவர்களின் வழக்கம். நெல் அளக்கும்போது ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துச் சொல்லக் கேட்டது அன்றுதான்.

கம்பவுண்டர் எடையைப் பார்த்துத் தலையசைத்தால், தராசுக்காரர் காவிக்கட்டியை எச்சிலில் நனைத்துப் பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார். களத்தில் எடைபோட்ட சாக்குக்கு இடும் அதே கோடு. எண்ணெய் கொடுக்க வேண்டிய பிள்ளைகளைப் பிறகு தேடாமல் கண்டுபிடிக்க அது எளிய வழி என்று அந்தப் பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். இன்று நினைத்தாலும் அதில் ஒரு தீய எண்ணத்தையும் என்னால் காண முடியவில்லை. எளிய வழியைத் தேடினார்கள், அவ்வளவே.

தம்பியின் முறை வந்தது. தட்டு படக்கென்று மேலே போயிற்று. கோடு விழுந்தது. அவன் ஏதோ பரிசு கிடைத்ததுபோல என்னை நோக்கி ஓடிவந்து, "அக்கா, செவப்பு!" என்று கையை நீட்டிக் காட்டினான்.

"பாத்தியா," என்றாள் கூட்டுக்காரி என் காதருகே. "கனம் இல்லாததுக்குத்தான் கொறி போடுதாவ."

"கனம் இல்லன்னா என்னட்டி?"

"கல்லிடுக்குல லேசா எறங்குமுல்லா."

இதைச் சொல்லிவிட்டுச் சிறுநீர் கழிக்கப் போவதுபோலப் பள்ளிக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது அவள் பாவாடைக் கொசுவம் முன்புறம் தொங்கிற்று. நடக்கும்போது இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கும் கல்லு வேணுமா? கெணத்துக்க பக்கத்துல கெடக்கு."

நான் போவதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். தட்டில் ஏறி உட்கார்ந்தாள். சங்கிலி குலுங்கியது. கொசுவம் அவிழ்ந்தது. கற்கள் இரும்புத் தட்டின் விளிம்பில் பட்டுத் தரையில் உருண்டன.

"கல்லு! கல்லு போட்டிருக்கு!" என்று கத்தினார் தராசுக்காரர். கொப்பரை வியாபாரத்தில் சாக்குக்குள் கல் போடுவதைவிடப் பெரிய ஏமாற்று இல்லை. அவர் வாய் பழக்கத்தில் கத்தியது. முதலாளியின் முகமும் பழக்கத்தில் இறுகியது. உதவ வந்தவர்கள் முன்னிலையில் தன் பள்ளிப் பிள்ளை இப்படிச் செய்துவிட்டதே என்று பெரிய சார் கூனிப்போனார். அதுவரை பெண்பிள்ளைகளை அடித்தறியாதவர் அன்று பிரம்பை எடுத்தார்.

"எதுக்குக் கல்ல வச்ச? சொல்லு!"

அவள் சொல்லவில்லை. சொன்னால் அப்போதே கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்தாளாம். பிரம்பு மறுபடியும் உயர்ந்தது. அப்போது யார் முதலில் ஓடியது என்று தெரியவில்லை. நான் தம்பியின் கோடு போட்ட கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வேலி தாண்டி ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள், தராசு ஆடிக்கொண்டிருந்தது.

கிணற்றடியில் தம்பியின் கையைச் சாம்பல் வைத்துத் தேய்த்தேன். பிறகு தேங்காய்ச் சவுரி நாரால் தேய்த்தேன். அவன் அழுதான். கடைசியில் சிவப்பாக இருப்பது காவியா தோலா என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

காய்ச்சும் கொட்டகையில் அம்மா துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "அது பொய் மக்கா" என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தே ஓடிவந்திருந்தேன். துடுப்பு நின்றது. பாகு கொதித்துப் பொங்கி விளிம்புக்கு வந்தது. அம்மா அதைப் பார்க்காமல் தம்பியின் கையைப் பார்த்தாள்.

"இனி அங்கன போவாண்டாம்" என்றாள்.

அன்றுவரை என் பயத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அம்மாவும் பயப்படுகிறாள் என்று தெரிந்த அந்த நொடியில் அது போயிற்று.

மாலையில் பனையிலிருந்து இறங்கிய அப்பா செய்தியைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. ஓல பெறக்க ஆளாச்சு" என்றார். அவர் கொடியவர் இல்லை. அதிகாலையிலிருந்து மரங்களில் இருந்துவிட்டு வந்தவருக்கு அப்படித்தான் தோன்றும்.

நாங்கள் விளையிலேயே இருந்தோம். காற்று பள்ளிப் பக்கமிருந்து அடித்தால் மணியாகத் தொங்கவிட்ட இரும்புத் துண்டின் ஓசை கேட்கும். அதைக் கேட்டதும் என் கை தானாக ஓலையைக் கீழே போடும். பள்ளிக்குப் போனால் தம்பியை எடுத்துக்கொள்வார்கள். போகாவிட்டால், இன்ஸ்பெக்டர் வந்து வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் போவார். ஐந்தாம் வகுப்பு வராது. நான் இந்த ஓலைகளை அம்மாவின் வயது வரைக்கும் பொறுக்கிக்கொண்டிருப்பேன். இரண்டு பயங்களில் எது பெரியது என்று அளக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஒருநாள் அந்த வண்டி விளைக்குள்ளேயே வந்தது. மாட்டின் கழுத்து மணியைக் கேட்டதும் தம்பியைத் தள்ளிக்கொண்டு ஓலைக் குவியலுக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே புழுதி வாடை. ஏதோ பூச்சி கழுத்தில் ஊர்ந்தது. தம்பியின் வாயைப் பொத்தியிருந்தேன். அவன் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. ஓலை இடுக்கு வழியே பெரிய சாரின் வேட்டியும், முதலாளியின் செருப்பும், கொட்டகை வாசலில் பாகு சொட்டும் துடுப்போடு நின்ற அம்மாவும் தெரிந்தார்கள்.

"அங்கனயே நில்லுங்க சாரே. பெரைக்குள்ள வராண்டாம்."

"எம்மா, பிள்ளைய எங்க? இன்ஸ்பெக்டர் வரப் போறாரு. நாலாம் கிளாஸ்ல ஒரு குஞ்சும் இல்ல."

"எம் பிள்ளைய எங்கயும் இருக்கும். ஒங்களுக்கு எதுக்கு? அணைக்கா?"

"எந்த அணைக்கு?"

"தெரியாதமாதிரி கேக்காதிய! குளுப்பாட்டி வரச் சொல்லி, தூக்கிப் பாத்து, கொறி வச்சி உட்டது எதுக்கு?"

பெரிய சார் விழித்தார். முதலாளிக்குத்தான் முதலில் புரிந்தது. "படச்சவனே!" என்று தலையில் கைவைத்து அங்கேயே பனைமூட்டில் உட்கார்ந்துவிட்டார். "சாரே, நம்மளப் பிள்ளை பிடிக்காரன்னுல்லா நெனச்சிருக்காவ."

வண்டியிலிருந்து ஒரு தகரத்தை இறக்கித் திறந்து காட்டினார்கள். மீன் எண்ணெய் வாடை ஓலைக் குவியல் வரைக்கும் வந்தது. மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க என்று விளக்கினார்கள். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத எங்ககிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன சாரே? கையில கோடு போடுததுக்கு முன்ன?"

பெரிய சார் தகரத்தை மூடினார். பிறகு, "சொல்லணும்னு தோணல்ல" என்றார். சாக்குச் சொல்லாத அந்த விடைக்காக நான் அவரை இன்றும் மதிக்கிறேன்.

"நீங்க சொல்லுதிய, நான் நம்புதேன். பிள்ளைய நம்பாது. அதுகளுக்க கண்ணு முன்ன மொதல்ல நீங்க ஏறணும், மொதலாளி."

"தராசுலயா? நானா?" முதலாளி எழுந்துவிட்டார். "எங்க வாப்பா காலத்துல இருந்து பெரியவன் காலு படாத தட்டும்மா அது. கச்சோடம், யாவாரம் நடக்கிய எடம்."

"அப்போ எங்க பிள்ளைய ஏறலாம், என்ன?"

"ஏறுதேன்" என்றார் முதலாளி.

அடுத்த திங்கட்கிழமை தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். ஒருத்தியும் வேலிக்குள் வரவில்லை. முதலாளி செருப்பைக் கழற்றி, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஏறி உட்கார்ந்தார். அவர் அமர்ந்த தட்டு தரையில் தட்டியது. எடைக்கற்கள் எல்லாம் தீர்ந்தும் மறுதட்டு இறங்கவில்லை. ஒரு கொப்பரைச் சாக்கையே தூக்கி வைத்தார்கள்.

"மொதலாளி, உம்ம சரக்கு இன்னும் காயலியே!" என்று வேலிக்கு வெளியே ஒருத்தி குரல் கொடுத்தாள். பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வேலி தாண்டினார்கள்.

அடுத்துப் பெரிய சார். அவர் என் கூட்டுக்காரியைக் கூப்பிட்டு, "நீ கல்லு வை" என்றார். அவள் தன் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்து ஒவ்வொரு கல்லாக வைத்தாள். கோல் நேராக நின்ற பிறகும் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கூடுதலாக வைத்தாள். சார் மேலே போனார். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

பிறகு தாய்மார்கள் ஒருவரையொருவர் தள்ளி ஏற்றினார்கள். கேலியும் கூச்சலுமாக இருந்தது. என் அம்மா கடைசியில் ஏறினாள். மறுதட்டில் முந்தையவளுக்கு வைத்த கற்கள் இருந்தன. அம்மாவின் தட்டு அசையாமல் மேலேயே நின்றது. தராசுக்காரர் ஒரு கல்லை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். மறுபடியும் எடுத்தார். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். கம்பவுண்டர் அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"இது பெரிய ஆளுக்க எடை இல்லியே" என்றார் மெதுவாக.

தராசுக்காரரின் கை காவிக்கட்டியை நோக்கிப் போய், பாதியில் நின்றது. அம்மா மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு இறங்கினாள். "எனக்கு என்னத்துக்கு? பிள்ளையளுக்கு வச்சதப் பிள்ளையளுக்குக் குடுங்க."

அணையைப் பற்றிய பயம் அந்த இடத்திலேயே என்னை விட்டுப் போயிற்று. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இதற்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடியாது. எல்லோர் கண் முன்னும் கற்களை எடுத்து எடுத்துக் காட்டியாயிற்று. மாலையில் கஞ்சி ஊற்றும்போது அம்மா, "நான் பெறவு குடிப்பேன்" என்பாள். அந்தப் பிறகு எப்போது வந்தது என்று நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கு நான் போகும் நேரங்களில் சருகுச் சுமையை அவளே தூக்கினாள் என்பதையும் அன்று இரவெல்லாம் நினைத்துக் கிடந்தேன்.

விடிந்ததும், "நான் பள்ளிக்கூடத்துக்குப் போவல்ல. ஓல பெறக்கப் போறேன்" என்றேன்.

"இன்னும் பயந்துக்கிட்டா கெடக்க?"

"ஆமா."

"அணையில்லன்னு சொல்லியாச்சுல்லா மக்கா."

"அணைக்கில்ல."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். என் தலைமயிரைப் பிடித்திழுத்துச் சிக்கெடுத்துப் பின்னத் தொடங்கினாள், வலித்தது. "நான் கனம் வச்சுக்கிடுதேன். நீ போ" என்றாள்.

கனம் தானாக வைக்கவில்லை. அதற்கும் ஊர்தான் வேண்டியிருந்தது. இந்த முறை கூடியவர்கள் வேறு. வீட்டுக் கூரை மேயும்போதும் அறுவடையிலும் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் வேலை செய்து ஈடுகட்டும் மாற்றாள் வழக்கம் எங்களிடம் இருந்ததல்லவா? தாய்மார்கள் அதைச் சருகுக்கும் கொண்டுவந்தார்கள். நான்காம் வகுப்புப் பெண்பிள்ளை உள்ள வீடுகளுக்கு முறை வைத்துச் சருகு பொறுக்கினார்கள். பள்ளிக் கஞ்சியை ஆசிரியர் கையிலிருந்து வாங்கித் தாங்களே முறைவைத்துக் காய்ச்சினார்கள். காய்ச்சுகிறவள் அங்கேயே குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு விதியும் செய்துகொண்டார்கள். அம்மாவின் முறை மற்றவர்களுடையதைவிட அடிக்கடி வந்தது. அது யாருடைய ஏற்பாடு என்று நான் எவ்வளவோ கேட்டும் யாரும் சொன்னதில்லை.

பள்ளிகளுக்காக ஊரார் செய்யும் நன்மைகளைப் பின்னாளில் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எங்கும் நான் முதலில் தேடுவது, பெறுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதைத்தான். இல்லாவிட்டால் அங்கே ஏதேனும் ஒரு பிள்ளை எதற்காகவோ நடுங்கிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டும் கையில் மடக்கிய குடையுமாக ஒல்லியான மனிதர். நான்காம் வகுப்பு நிறைந்திருந்தது. அவர் எங்களை வாசிக்கச் சொன்னார், கணக்குக் கேட்டார். எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு குடையை ஊன்றிக்கொண்டு, "ஐந்தாம் வகுப்பு இங்கே வந்தால் அதில் சேருபவர்கள் மட்டும் எழுந்து நிற்கலாம்" என்றார்.

ஒருவரும் எழவில்லை.

அவருக்கு அது எளிய கேள்வி. எங்களுக்கோ மறுபடியும் ஒரு பொறுக்கி எடுத்தல். கூட்டத்திலிருந்து தனியே தெரியும்படி நிற்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் உடம்பு அறிந்து வைத்திருந்தது. காரணம் பொய் என்று தெரிந்த பிறகும் உடம்பு அதை மறக்கவில்லை. வகுப்பு முழுவதும் தரையைப் பார்த்தது. பெரிய சாரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. அவர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. வெளியே கஞ்சி அடுப்பருகே பேச்சு நின்றுபோயிற்று.

"யாருமில்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர். வாசல் பக்கம் திரும்பினார்.

என் பக்கத்தில் ஏதோ அசைந்தது. பிரம்படி பட்ட என் கூட்டுக்காரி எழுந்து நின்றாள். பாவாடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். குனிந்து என்னைப் பார்த்து, உதடு அசையாமல், "எந்திரிட்டி மூதி" என்றாள்.

எழுந்தேன். எனக்குப் பின்னால் பாவாடைகளும் துண்டுகளும் சரசரப்பது கேட்டது. எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. ஒன்றாம் வகுப்பு வரிசையில் தம்பியும் எழுந்து நிற்பது மட்டும் கண்ணில் பட்டது.

இன்ஸ்பெக்டர் குடைநுனியால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார். தம்பியிடம் வந்ததும், "நீயுமா?" என்று கேட்டு, அவனையும் விடாமல் எண்ணினார். பெரிய சார் பக்கம் திரும்பி, "போதும். நான் எழுதுகிறேன்" என்றார். எங்களை உட்காரச் சொன்னார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இப்போது தனியே தெரிவது நான் மட்டும்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.